வாசலுக்கு வராதவர்

இந்த அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, ஐயா. குற்றம் சொல்லவில்லை. நல்ல கெட்டி மரம், இப்போதெல்லாம் இந்த மாதிரி கிடைப்பதில்லை. ஆனால் மேலே சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது பாருங்கள். அடுத்த மழைக்கு மரம் உப்பும், கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். பிறகு நீங்களும் நானும் உள்ளே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தை லேசாக இழைக்கச் சொல்லுங்கள். மேசைக்கால் ஆடுவதைப் பற்றி நான் இப்போது பேசவில்லை.

தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும். நகராட்சியில் கட்டடப் பராமரிப்பு ஆய்வாளராக இருந்து இருந்து, எந்த அறைக்குள் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பேன், அப்புறம் தரையை, கடைசியில்தான் ஆட்களை. என் கல்யாணப் புகைப்படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் கொக்கி சரியில்லை. என் மனைவி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டவே இல்லை.

என் அண்ணன் விஷயமாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு எதுவும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில், அலுவலக நேரத்தில், விதிப்படி நடந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை வாசலில்தான் முடிவு செய்வோம். ஆய்வாளர் போய் முன்கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்துகொண்டு வந்து வாசற்படியில் நிற்க வேண்டும். நின்றால் ஆள் உண்டு. தனித்தனியாக மூன்று முறை போய்த் தட்டியும் யாரும் வரவில்லை என்றால் அது ஆள் இல்லாத வீடு. கேட்கும்போது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு வீட்டில் எப்போது தட்டினாலும் உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் கேட்குமாம். சரி, ஆள் இருக்கிறார்கள் என்று நம்பி விட்டுவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது கிளி. வீட்டுக்காரர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டிருந்தார்கள். கூரை இடிந்து கிளியின் தலையில் விழுந்தது. அதுவரை அதற்கு யார் தீனி போட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து நாங்கள் குரலை நம்புவதில்லை, ஜன்னலில் தெரியும் முகத்தையும் நம்புவதில்லை. வாசற்படியில் பாதம் பட வேண்டும்.

ஆள் இல்லாத வீடு என்று முடிவானால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துவிடுவோம். ஜன்னல்களுக்குப் பிளைவுட் பலகை அடிப்போம். பலகை அடித்த வீடு தெருவின் முகத்தைக் கெடுக்குமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. அந்தப் பலகையின் மேல், அங்கே முன்பு இருந்த ஜன்னலை அப்படியே வரைந்துவிடுவோம். திரைச்சீலை, பூந்தொட்டி, சில வீடுகளில் ஒரு பூனை. தூரத்திலிருந்து பார்த்தால் குடும்பம் நடத்துகிற வீடு மாதிரியே இருக்கும். சொல்லப்போனால், குடும்பம் நடத்துகிற வீடுகளைவிட லட்சணமாக இருக்கும்.

என் அண்ணன் இருந்தது நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் கல்யாணம் ஆனதும் ஊரின் மறுபக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டேன். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன். அவன் பார்த்துக்கொண்ட லட்சணத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுவரில் காரை பெயர்ந்து கிடந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் ஒரு கம்பியில் தொங்கியது. முன்கதவு எந்த மழையிலோ இறுகி, அப்புறம் திறக்கவே இல்லை. அவன் அதைத் திறக்க முயற்சியும் செய்யவில்லை. பின்கட்டு வழியாகப் போக்குவரத்து வைத்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வருவான். கேட்டால், "கதவுக்கு ஓய்வு கொடுத்திருக்கேன்டா, பாவம், வயசாச்சுல்ல" என்பான்.

அப்படித்தான் பேசுவான். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. எனக்கு என் அண்ணனைப் பிடிக்கும், ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவுக்கு ஓர் ஆசை இருந்தது. நகராட்சி தருகிற 'முன்மாதிரித் தெரு' என்ற பச்சைப் பலகை. அதைத் தெருமுனையில் நட்டுவிட்டால் விளக்கு எரியாவிட்டால் முதலில் அங்கேதான் வருவார்கள், சாக்கடை அடைத்தால் முதலில் அங்கேதான் வருவார்கள். அந்தப் பலகை வாங்குகிற தெருவில் விளக்கும் எரியும், சாக்கடையும் ஓடும் என்பது வேறு விஷயம். தெருவில் எல்லோரும் வெள்ளையடித்தார்கள், வேலியைச் சீர்செய்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. எதிர்வீட்டு அம்மா புகார் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்லவர். யாருடைய வீடு என்று தெரிந்தும் அதிகாரிகள் அதை என் மேசையில் வைத்தார்கள். நான் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று நாலு பேர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதில்லையா? நானே போனேன்.

முறைப்படி உரிமையாளர்களுக்கு முன்னறிவிப்பு அனுப்பினேன். ஒரு பிரதி அண்ணனுக்கு, ஒரு பிரதி எனக்கு. என் பிரதி எனக்குக் கிடைத்தது. நான் பதில் போடவில்லை என்பதால் எனக்கு நானே ஒரு நினைவூட்டல் அனுப்பினேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

முதல்முறை போய்க் கதவைத் தட்டியபோது அண்ணன் சந்து வழியாகச் சுற்றி வந்து என் முதுகைத் தட்டினான். கையில்லாத பனியன், கையில் டீக் கோப்பை.

"என்னடா அங்குலம், சொந்த வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு நிக்கிற?"

அங்குலம் என்பது அவன் எனக்கு வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் நான் எதையும் அளந்து பார்ப்பேன். தட்டில் அவனுக்கு விழுந்த துண்டு பெரிதா, எனக்கு விழுந்தது பெரிதா என்று பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் ஒருமுறை கூப்பிட்டான், தெருவே பிடித்துக்கொண்டது.

"அண்ணே, நான் ஆய்வாளரா வந்திருக்கேன். நீங்க உள்ள இருந்து கதவைத் திறந்து படியில வந்து நிக்கணும்."

"படியிலதானே நிக்கணும்? இந்தா நிக்கிறேன்" என்று வெளியிலிருந்தே ஏறி நின்றான்.

அது கணக்கில் வராது என்று விளக்கினேன். வெளியிலிருந்து வந்து படியில் நிற்பவரைக் குடியிருப்பவர் என்று எடுத்துக்கொண்டால் தபால்காரர் ஊரில் எல்லா வீட்டிலும் குடியிருப்பவர் ஆகிவிடுவார். நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? ஆனால் அவன் சிரித்தான். படியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து ஆடிக் காட்டினான். "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க. என் தம்பி வந்திருக்கான். நான் இருக்கேனா இல்லையான்னு அளந்து பாக்க வந்திருக்கான். டேய், உனக்கு டவுசர் மாட்டிவிட்டவன்டா நான், அதுவும் தலைகீழா" என்றான். வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. தெரு மொத்தமும் சிரித்தது. எதிர்வீட்டு அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். காது மட்டும் சுட்டது. அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

யாரும் வாசலுக்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

இடையில் ஒரு மழை. பின்கட்டுப் படியில் பாசி பிடித்திருந்தது. அண்ணன் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஆனால் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தகவல் வந்தது. உடனே தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்படியைப் பார்த்தேன். ஆபத்தான படி. ஒரு மனிதனுக்கு அங்கே அடிபட்டிருக்கிறது, இனியும் விட்டுவைக்க முடியுமா? பின்வாசலுக்குக் குறுக்கே சட்டங்கள் அடித்து மூடச் சொன்னேன். அவன் நன்மைக்காகத்தான். தச்சர் அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் படுக்கையறை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"அங்குலம், இதையும் அடைச்சிட்டா நான் எந்த வழியாடா வர்றது?"

"முன்வாசல் வழியாத்தாண்ணே. அதுக்குத்தானே அதுக்கு வாசல்னு பேரு."

"அது திறக்காதுடா."

"திறக்கலைங்கிறதுதானே அண்ணே புகாரே."

அவன் சிரித்தான், ஆனால் இடுப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான்.

இரண்டாவது முறை நான் தட்டியபோது உள்ளே அவன் நடந்து வரும் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். கதவைப் பிடித்து இழுத்தான். உள்கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டது. அது தரையில் விழுந்து உருண்டது எனக்குக் கேட்டது. நான் மரியாதையாகக் காத்திருந்தேன், பிறகு குறித்துக்கொண்டேன். அவன் தச்சருக்குத் தொலைபேசியில் பேசிக் கதவை இழைக்க வரச் சொன்னான். தச்சர் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார். நான்தான் திருப்பி அனுப்பினேன். ஆய்வு முடிவதற்குள் கதவை இழைத்துவிட்டால், நான் எதை ஆய்வு செய்வது? பரீட்சை நடக்கும்போது விடைத்தாளை வேறொருவர் திருத்திக் கொடுப்பது போல ஆகிவிடாதா? தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதைப் பார்த்தான். அந்த வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் அப்பா கெட்டிக் கம்பி போட்டிருந்தார். திருடனுக்குப் பயந்த மனிதர்.

மூன்றாவது முறை கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். அண்ணன் பக்கத்து ஜன்னலில் நின்று, கைக்கெட்டும் தூரத்தில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்க இருக்கேன்டா" என்றான்.

"தெரியுதுண்ணே."

"அப்புறம் ஏன்டா கதவைத் தட்டுற?"

"யாராவது இருக்காங்களான்னு பாக்கத்தான்."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டின் பாதி உரிமையாளர் வாசற்படியில் நிற்கிறாரே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் நான் அங்கே நின்றது ஆய்வாளராக. உரிமையாளராக நான் அன்று வரவே இல்லை. வந்திருக்கலாம், விடுப்பு எடுத்திருந்தால்.

அப்படியாக அது ஆள் இல்லாத வீடு ஆயிற்று.

பலகை அடிக்கப் போன அன்று தச்சர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "சார், உள்ள ஆள் நிக்கிறாரே" என்றார்.

"எங்க நிக்கிறார்?"

"ஜன்னல்ல."

"வாசல்ல நிக்கிறாரா?"

தச்சர் எட்டிப் பார்த்தார். "வாசல்ல இல்லை சார்."

"அவ்வளவுதானே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஆணியை வாயில் கவ்விக்கொண்டார். அவரை இதில் இழுக்காதீர்கள். அவருக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், ஆணியையும் கோணாமல் அடிப்பார்.

ஓவியம் வரைகிற பெண் அடிப்பதற்கு முன்பே வந்து ஜன்னலைப் பார்த்து அளவும் நிறமும் குறித்துக்கொள்வாள். அதுதான் முறை. இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும். அவள் குறித்துக்கொண்டபோது ஜன்னலில் அண்ணன் டீக் கோப்பையோடு நின்றிருந்தான். "ஏம்மா, கொஞ்சம் இளைச்ச மாதிரி வரைஞ்சிடு, புண்ணியமாப் போகும்" என்றானாம். வெறும் விளையாட்டு என்றே நினைத்திருக்கிறான். பிறகு பலகை மேலே வந்து, அவன் முகம் கீழிருந்து மேலாக மறைந்தது. நெற்றி மறைகிற வரை சிரித்த மாதிரிதான் இருந்தது. நான் பார்த்தேன்.

படம் அற்புதமாக வந்திருந்தது, ஐயா. பனியன், கோப்பை, கோப்பையிலிருந்து ஆவி, அந்த அரைச் சிரிப்பு. இளைத்துத்தான் வரைந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அம்மா அதுவரை ஜன்னல் கம்பி வழியாக அவனுக்கு ரொட்டியும் பழமும் கொடுத்துக்கொண்டிருந்தவர். படம் வந்த பிறகு, கடைக்குப் போகும்போது ஒரு வணக்கம், வரும்போது ஒரு வணக்கம். "முன்ன விட இப்ப ரொம்ப மரியாதையா இருக்கார்" என்று என்னிடமே சொன்னார். உள்ளே உண்மையான ஆள் இருப்பது அவருக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். வீட்டில் ஆள் இல்லை என்று நகராட்சி எழுதி ஒட்டியிருக்கிறது. படித்தவர், அவர் எதை நம்புவார்?

அண்ணன் சும்மா இருக்கவில்லை. நகராட்சிப் புகார் எண்ணுக்குப் பேசியிருக்கிறான். அங்கே இருந்த பெண் முகவரியைக் கேட்டு, பார்த்து, "சார், அந்த வீட்டுல யாரும் இல்லையே, நீங்க எங்கிருந்து பேசறீங்க?" என்றிருக்கிறாள். "அந்த வீட்டுல இருந்துதான்" என்றானாம். அத்துமீறி நுழைவது குற்றம், உடனே வெளியே போங்கள் என்று அவள் எச்சரித்திருக்கிறாள். "அதைத்தாம்மா நானும் கேக்கறேன்" என்றானாம். என்னையும் கூப்பிட்டான். அலுவலக நேரத்தில் நான் சொந்தக்காரர்களின் அழைப்பை எடுப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் அலுவலக அழைப்பை எடுப்பதில்லை. அவன் அழைப்பு இரண்டிலும் அடங்கியது. மின்சாரம் இல்லாததால் கொஞ்ச நாளில் அவன் போன் தானாக அடங்கிவிட்டது.

வீட்டில் மனைவி கேட்பாள், "உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

"வீடு நல்லா இருக்கு" என்பேன். அது பொய் இல்லை.

அவளுக்குக் கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கி வைத்திருக்கிறோம். ஒருநாள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவள் இறங்கி, தெருவில் நின்று பார்த்திருக்கிறாள். எங்கள் எச்சரிக்கை நாடா கட்டியிருந்ததால் கிட்டே போகவில்லை. சாயங்காலம் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "மாமா ஜன்னல்லதான் நிக்கிறார். நான் கையைக் கையை ஆட்டறேன், ஒரு வார்த்தை பேசலை. நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டா என்மேல எதுக்குக் கோபம்?" என்றாள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நானும் அதை மறுக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லைதானே.

பிறகு எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து இன்னொரு புகார் வந்தது. ஆள் இல்லாத வீட்டில் சத்தம். சுரண்டுகிற மாதிரி, தட்டுகிற மாதிரி. பகலில் தூங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். குழாயாக இருக்கும், எலியாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நேரில் போனேன். அண்ணனின் படத்துக்கு எதிரே நின்று பலகையில் காதை வைத்தேன். அவன் வயிறு இருக்கிற இடம்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்கு அந்தக் கிளியின் ஞாபகம் வந்தது.

"ஆய்வாளர். சத்தம் வருதுன்னு புகார்."

"தம்பியா?" என்றான். அங்குலம் என்று கூப்பிடவில்லை. அவன் குரல் காய்ந்து போயிருந்தது, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்திருக்க வேண்டும். "தம்பி, போதும்டா. தோத்துட்டேன். நீ ஜெயிச்சிட்ட. திறந்துவிடுடா."

"இதுல ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் இல்லைண்ணே. நீங்க முன்வாசல் வழியா வந்துட்டா நானே பலகையை எடுக்கச் சொல்லிடறேன்."

"அதைத்தான்டா பண்ணிக்கிட்டிருக்கேன். கத்தியை வச்சுச் செதுக்கிட்டிருக்கேன். கையெல்லாம் போச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "டேய், ஒண்ணு கேக்கட்டுமா? சின்ன வயசுல மழை பெஞ்சா இந்தக் கதவு இப்படித்தான் பிடிச்சுக்கும். நீ டியூஷன் முடிஞ்சு வருவ. நான் வேணும்னே காது கேக்காத மாதிரி உள்ள படுத்துக் கிடப்பேன். எந்திரிச்சுப் பாத்தா நீ கூடத்துல நிப்ப. எப்படிடா வந்தேன்னு கேட்டா சொல்லவே மாட்ட. எப்படிடா வந்த? இப்பவாவது சொல்லுடா."

அவன் சொல்வது உண்மைதான். ஒவ்வொரு மழைக்கும் அது நடந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைப் பார்ப்பான், தாழ்ப்பாளைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். அந்த ஒரு நேரம் மட்டும் அவனுக்குச் சிரிக்கத் தெரியாது.

"அண்ணே, இது அலுவலக நேரம். சொந்த விஷயம் பேசக் கூடாது" என்றேன்.

புகாரைத் தீர்க்க வேண்டியது என் கடமை. சத்தம் வெளியே வராமல் இருக்க முதல் பலகைக்கு மேல் பஞ்சு வைத்து இரண்டாவது பலகை அடித்தோம். கதவின் வெளிப்பக்கம் மட்டும் அப்படியே விட்டோம், அதை மாற்ற விதியில் இடம் இல்லை. ஓவியப் பெண்ணை மறுபடி வரவழைத்தேன். இந்த முறை அவளுக்கு மாதிரி இல்லை, ஞாபகத்திலிருந்துதான் வரைந்தாள். சிரிப்பு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா நன்றி சொல்லி அனுப்பினார்.

பச்சைப் பலகை கிடைத்தது. தெருமுனையில் நடுவதற்குப் பெரிய அதிகாரியே வந்தார். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அண்ணன் வீட்டெதிரே நின்று, "இவர்தான் முன்மாதிரிக் குடியிருப்பாளர். எவ்வளவு அமைதியா இருக்கார் பாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் வேலையை யாரும் அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை.

அன்று என் மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வந்திருந்தாள். ஊரே கூடியிருக்கிற நாளில் கோபத்தை முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு எண்ணம். விழாவுக்காக நாடாவை அவிழ்த்திருந்தோம், அது என் கவனக்குறைவு. நேரே ஜன்னலுக்குப் போனாள். "மாமா, எங்களுக்குள்ள என்ன இருக்கு? சூடா இருக்கு, குடிங்க" என்று கோப்பையை நீட்டினாள். கோப்பை அவன் கைக்குப் போகவில்லை. டக் என்று மரத்தில் இடித்து, டீ பனியன் மேல் வழிந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கண் தெரியாது என்று சொல்கிறார்கள், ஐயா. அன்று நன்றாகத் தெரிந்தது.

உங்களுக்குத் தகவல் கொடுத்தது அவள்தான். எனக்கு வருத்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், அது குடிமக்கள் உரிமை.

உங்கள் ஆட்கள் கடப்பாரையோடு வந்து கதவை இடித்துத் திறந்தார்கள். நிலைச்சட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவசியமே இல்லாத சேதம். அண்ணன் கதவுக்குப் பின்னாலேயே, கன்னத்தை மரத்தில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். உயிர் போய் இரண்டொரு நாள் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கையில் சமையல் கத்தி. மடி நிறைய மரச்சீவல். கதவின் ஓரத்தைக் கைப்பிடி உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே சீராக இழைத்திருந்தான். நான் விரலை வைத்துப் பார்த்தேன், பிசிர் இல்லை. வாழ்நாளில் ஒரு ஆணி அடித்தறியாதவன், கடைசியில் ஒரு பராமரிப்பு வேலையை எடுத்து ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான். கீழ்மூலைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் உண்மையாகவே ஆள் இல்லை. விதியை நான் எங்கேயும் மீறவில்லை என்பதை நீங்கள் எந்த அதிகாரியிடம் கேட்டாலும் சொல்வார்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

அந்தக் கதவு எங்கேயும் பிடிக்கவில்லை, ஐயா. கீழே இடது மூலையில் மட்டும்தான் பிடிக்கும். கையால் தட்டினால் திறக்காது, தோளால் இடித்தாலும் திறக்காது, உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது. வெளியே நின்று, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மூலையில் ஒரு உதை. டியூஷன் விட்டு வருகிற பொடியன் உதைத்தாலே போதும், திறந்துகொள்ளும். அவனுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான். மூன்று முறை தட்டப் போனபோதும் என் செருப்பு நுனி அந்த மூலைக்கு நேராகத்தான் இருந்தது.

உதைத்திருக்கலாம். சொல்லியாவது இருக்கலாம், எதிர்வீட்டு அம்மாவே உதைத்திருப்பார். ஆனால் என் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. வெளியே வந்ததும் "அட, இவ்வளவுதானாடா அங்குலம்?" என்று கேட்டுவிட்டு, தெருவைக் கூட்டி வைத்து, அதற்கும் சிரித்திருப்பான்.